கூனிக்காக வாதாட யார் வந்தோம்?

2024ஆம் ஆண்டு, சென்னையில் ஓர் அரசுப் பள்ளி. மாணவர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுவதற்கென்று ஒரு சொற்பொழிவாளரை அழைத்து வந்தார்கள். அவர் ஊட்டியது என்ன? கையின்றிப் பிறப்பதும், காலின்றிப் பிறப்பதும், கண்ணின்றிப் பிறப்பதும் போன பிறவியிலே செய்த பாவத்தின் பலன் என்ற பழைய கள்ளைப் புதிய மொந்தையிலே ஊற்றிக் கொடுத்தார். அந்த அவையிலே பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். எழுந்தார், மறுத்தார், பள்ளிக்கூடத்திலே பேசத் தக்க பேச்சா இது என்று கேட்டார். கேட்டவர் கண்ணில்லாதவர், கேட்கத் தோன்றாமல் அமர்ந்திருந்தவர்களுக்கோ இரண்டு கண்ணும் இருந்தன! செய்தி நாடெங்கும் பரவிற்று. சொற்பொழிவாளர் கைது செய்யப்பட்டார். நாமும் கைதட்டினோம், கண்டனத் தீர்மானம் போட்டோம், கலைந்து போனோம்.

கைதட்டியது தவறென்று சொல்ல வரவில்லை, தோழர்களே! ஆனால் அந்த ஆசிரியர் எழுப்பிய கேள்வி அந்த ஒரு சொற்பொழிவாளரோடு முடிந்துவிடக்கூடியதா? அவருக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது யார்? காவி மட்டுமா? காவியமும் அல்லவா சொல்லிக் கொடுத்தது! கதாகாலட்சேபம் மட்டுமா? கல்லூரி வகுப்பும் சொல்லிக் கொடுத்தது. ஏன், நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், நம் கொள்கை முழங்கிய நாடக மேடையும் சொல்லிக் கொடுத்தது. அதை எடுத்துக்காட்டத்தான் இந்தக் கட்டுரை. சிலர் முகம் சுளிக்கக் கூடும், சுளிக்கட்டும்.

மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே கடந்த ஐம்பது ஆண்டுகளாக ஒரு துறை வளர்ந்து வருகிறது. ஊனமுற்றோர் ஆய்வியல் என்று அதை நாம் அழைக்கலாம். உடனே, 'ஓ, மருத்துவமா? செயற்கைக் கால் செய்யும் கலையா?' என்று கேட்பர். இல்லை. கால் ஏன் முடங்கிற்று என்று மருத்துவம் கேட்கும். கால் முடங்கியவனை ஊர் ஏன் முடக்கிற்று என்று இந்தத் துறை கேட்கிறது. ஊனத்தை உடம்பிலே தேடாமல் வரலாற்றிலே தேடுகிறது. சட்டத்திலே, கட்டடத்திலே, கதையிலே, பழமொழியிலே தேடுகிறது. தேடுவோரிலே பெரும்பகுதியினர் ஊனமுற்றோரே. இதுவரை மேசைமேல் கிடத்தி ஆராயப்பட்டவர்கள், எழுந்து உட்கார்ந்து, ஆராய்ந்தவர்களை ஆராயத் தொடங்கிவிட்டார்கள்!

தொடங்கி வைத்தவர்களிலே ஒருவரை நம் தோழர்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். விக் பிங்கல்ஸ்டைன் என்பது பெயர். தென்னாப்பிரிக்காவிலே பிறந்தவர், இளமையில் முதுகெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர், வெள்ளையரின் நிறவெறி ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறைக்குப் போனவர், 1968இல் இங்கிலாந்துக்கு ஏதிலியாக வந்து சேர்ந்தவர். கறுப்பனுக்குத் தனிப் பேருந்து, தனிப் பள்ளி, தனி வாயில் என்று பிரித்துவைத்த நாட்டைப் பார்த்துவிட்டு வந்த அவர், சுதந்திர பூமி என்று பேர்பெற்ற இங்கிலாந்திலே என்ன கண்டார்? ஊனமுற்றவனுக்குத் தனிப் பள்ளி, தனி விடுதி, தனி வாகனம்! அங்கே அதற்குப் பெயர் அடக்குமுறை. இங்கே அதற்குப் பெயர் அன்பு! இரண்டும் ஒன்றே என்று கண்டுகொள்ள, சிறையிலே இருந்துவிட்டு வந்த கண் வேண்டியிருந்தது.

அதே நேரத்திலே பால் ஹண்ட் என்ற இன்னொருவர், ஊனமுற்றோர் இல்லம் ஒன்றிலே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, 'எங்களுக்குக் காப்பாளர் வேண்டா, உரிமை வேண்டும்' என்று எண்ணத் தொடங்கியவர், 1972இல் கார்டியன் ஏட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்திலிருந்து ஒரு சங்கம் பிறந்தது. 1976இல் அந்தச் சங்கம் வகுத்த இலக்கணம் எளிமையானது. ஆனால் இடி போன்றது. உறுப்பிலே உள்ள குறை வேறு, ஊனம் வேறு. கால் இயங்காதது குறை. படிக்கட்டை மட்டும் கட்டிவிட்டு, 'படித்தவர்களெல்லாம் வரலாம்' என்று பலகை மாட்டி வைத்திருக்கிறார்களே, அது ஊனம்! முதலாவது உடம்பினுடையது. இரண்டாவது ஊரார் செய்தது. செய்ததை மாற்றலாம்.

இதை விளக்கப் பிங்கல்ஸ்டைன் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒரு சிற்றூர், அங்கே வாழ்வோர் அனைவரும் சக்கர நாற்காலியில் இருப்போர். கடை நடத்துபவர், ஊராட்சி நடத்துபவர், வீடு கட்டுபவர் எல்லாருமே அப்படி. நாற்காலியிலே அமர்ந்திருப்பவனுக்கு உயரமான கூரை எதற்கு? ஆகவே கூரையைத் தாழ்த்தினர், கதவைத் தாழ்த்தினர். வசதியாக வாழ்ந்தனர். அப்போது நிமிர்ந்து நடப்போர் சிலர் அங்கே குடியேறினர். வாயில்தோறும் அவர்கள் தலை இடிபட்டது. நெற்றியெல்லாம் வீக்கம், குனிந்து குனிந்து முதுகெல்லாம் வலி. மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள்; இது ஒருவகைக் குறைபாடு என்று அறிக்கை தந்தார்கள். தலைக்கவசம் இலவசமாக வழங்கப்பட்டது. இவர்களுக்கு வேலை கொடுக்கலாமா என்று ஆலோசனை நடந்தது. பாவம் இந்த நெட்டையர்கள் என்று நிதி திரட்ட அறக்கட்டளைகள் தோன்றின. ஒருநாள் அந்த நெட்டையர்கள் கூடிப் பேசினர்: 'கதவை உயர்த்தினால் என்ன?'

கதை இவ்வளவுதான். இதிலே மறுபிறவி எங்கே நுழையும்? வினைப்பயனுக்கு எந்த மூலையிலே இடம்? தச்சனைக் கேட்க வேண்டிய கேள்வியைத் தலைவிதியைக் கேட்டுக்கொண்டிருந்தோமே, அந்த ஏமாற்றம்தான் வெளிப்படுகிறது. நாலு வருணம் பிரமன் படைத்ததல்ல, மனிதன் செய்தது என்று சொன்னபோது நமக்கு எத்தனை பெரிய கதவு திறந்ததோ, அதற்கு ஒப்பான கதவு இது.

பிங்கல்ஸ்டைன் இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலே பணியாற்றினார். அங்கே 1975இல் ஒரு பாடம் தொடங்கிற்று. 'சமுதாயத்தில் ஊனமுற்ற மனிதர்' என்பதுபோன்ற தலைப்பு. இருபது ஆண்டுகளுக்குள் அதே பாடம் 'ஊனப்படுத்தும் சமுதாயம்' என்ற பொருளில் தலைப்பு மாறிற்று. அந்தத் துறையின் வரலாறு முழுவதும் அந்த இரண்டு தலைப்புகளுக்கு இடையிலே இருக்கிறது. இப்பார்வைக்குச் 'சமூக மாதிரி' என்று 1983இல் பெயர் சூட்டியவர் மைக் ஆலிவர். அவரும் சக்கர நாற்காலியில் இருந்தவர். பின்னாளில் கிரீனிச் பல்கலைக்கழகத்தில் இத்துறையின் பேராசிரியரானவர்.

அமெரிக்காவிலே போராட்டத்தின் வாடை இன்னும் அதிகம். வாஷிங்டனில் காலடெட் பல்கலைக்கழகம் இருக்கிறது. காது கேளாதோருக்கென 1864இல் ஏற்பட்டது. நூற்றிருபத்து நான்கு ஆண்டுகள் அதன் தலைமைப் பீடத்திலே காது கேட்பவர்களே அமர்ந்தார்கள். 1988 மார்ச்சில் மீண்டும் காது கேட்கும் ஒருவரையே தலைவராக நியமித்தபோது மாணவர்கள் வாயிற்கதவுகளை மூடினார்கள், வீதிக்கு வந்தார்கள், ஒரே வாரத்திலே வென்றார்கள். கிங் ஜோர்டன் என்ற காது கேளாத பேராசிரியர் தலைவரானார். கோயில் நம்முடையது, கருவறை அவருடையது என்ற ஏற்பாட்டை அறிந்த நமக்கு அந்த மாணவர்களின் கோபத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. பேசாமலே வென்ற கிளர்ச்சி அது. கையால் பேசிய கிளர்ச்சி! சைகை என்பது ஊமையின் தவிப்பன்று, இலக்கணமும் இலக்கியமும் உடைய மொழி என்பதை உலகம் ஒப்புக்கொள்ள அந்த வாரம் பேருதவி செய்தது.

அதே 1988இல் பால் லாங்மோர் என்ற வரலாற்றறிஞர், ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றிப் பத்தாண்டு உழைத்து எழுதிய தம் நூலை, லாஸ் ஏஞ்சல்சிலே அரசாங்கக் கட்டடத்தின் முன் நின்று தீயிட்டுக் கொளுத்தினார். ஏன்? இளம்பிள்ளைவாதத்தால் கைகள் செயலிழந்தவர் அவர். மூச்சுவிடவும் கருவி வேண்டும். அதற்கு அரசு உதவி வேண்டும். நூலுக்குக் கிடைக்கும் சிறு தொகையை வருமானமாகக் கணக்கிட்டு உதவியை நிறுத்த விதி இருந்தது. எழுதினால் மூச்சு நிற்கும். மூச்சு வேண்டுமானால் எழுதக் கூடாது. அந்த விதி பின்னர் திருத்தப்பட்டது. கொளுத்துவதும் ஒரு விமர்சனமே என்பதை நாம் அறிவோம். ஆனால் நாம் கொளுத்தியது நம்மை இழித்துரைத்த ஏடுகளை. அவர் கொளுத்தியது தம் சொந்த ஏட்டை. எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

இவர்தான் 1985இல் திரைப்படங்களிலே ஊனம் எவ்வாறு காட்டப்படுகிறது என்று ஒரு கட்டுரை தீட்டினார். கெட்டவனுக்குக் கை கொக்கியாக இருக்கும்; குற்றத்துக்குத் தண்டனையாகக் கண் போகும்; நல்லவனாயின் முடிவிலே நோய் நீங்கிவிடும் அல்லது சாவு வந்துவிடும். அவருக்குப் பின் வந்த மிட்செல், ஸ்னைடர் என்ற இருவர் 2000இல் வெளியிட்ட நூலிலே இன்னும் ஆழமாகச் சென்றனர். கதை நடக்கமுடியாமல் தள்ளாடும்போதெல்லாம் அது ஓர் ஊனமுற்ற பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றனர். ஊனமுற்றவனுக்கு ஊன்றுகோல் வேண்டும் என்கிறோம். உண்மையிலே கதைக்குத்தான் ஊனமுற்றவன் ஊன்றுகோல்!

இந்த அளவுகோலைக் கையிலே எடுத்துக்கொண்டு நம் இலக்கியத்துக்கு வருவோம்.

கம்பனிலே கூனி. பெயர் மந்தரை, ஆனால் பெயரால் அவளை அழைப்பார் இல்லை. முதுகு வளைந்திருந்தது, ஆகவே முதுகே பெயராயிற்று. 'கூனியின் சூழ்ச்சியை விவரி' என்பது தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டுவரும் தேர்வு வினா. அரியணை பறிபோக வேண்டும், காடு ஏக வேண்டும், இராவணன் சாக வேண்டும்; இத்தனையும் நடப்பதற்கு ஒரு முடிச்சு வேண்டும். வானவர் வேண்டியது, முனிவர் வேண்டியது, ஆயினும் பழி யார்மீது? அரண்மனைப் பணிப்பெண் ஒருத்தியின் வளைந்த முதுகின்மீது! கதையின் சுமை முழுவதையும் அந்த முதுகிலே ஏற்றி வைத்தார்கள்.

ஆனால் கம்பன் கவிஞன் அல்லவா! ஒரு குறிப்பை விட்டுவைத்தான். சிறுவனாக இருந்தபோது இராமன் வில்லிலே மண்ணுருண்டை வைத்து அவள் கூன்மீது அடித்தான். அதை அவள் மறக்கவில்லை. அடித்தது அரசகுமாரன், அடிபட்டது அடிமைப் பெண், அடித்த இடம் அவளுடைய கூன். சிறுவனின் விளையாட்டாம்! எத்தனை தெருவிலே எத்தனை பேர் மீது இந்த விளையாட்டு நடந்துகொண்டிருக்கிறது! அடித்தவன் அவதாரமானான், நினைவிலே வைத்திருந்தவள் கொடியவளானாள்.

இங்கேதான் நான் நம்மைக் கேட்கிறேன். இராமாயணத்தைத் தலைகீழாகத் திருப்பிப் படித்தவர்கள் நாம். இராவணனுக்காக வாதாடினோம், புலவர் குழந்தை 1946இல் இராவண காவியமே தந்தார், 1948இல் தடை விழுந்தது, 1971இல்தான் நீங்கிற்று. வாலிக்காக வாதாடினோம், சூர்ப்பனகையின் மூக்குக்காக வாதாடினோம், சம்பூகனுக்காக வாதாடினோம். கூனிக்காக வாதாட யார் வந்தோம்? வந்ததாக நான் படித்ததில்லை. கூனியை நாமும் அப்படியே விட்டுவிட்டோம். வசைச்சொல்லாகக்கூடப் பயன்படுத்தினோம், கூட இருந்து குழிபறித்தவனைக் 'கூனி' என்று மேடையிலே சாடினோம்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியிலே கம்பராமாயணப் பகுதியொன்றை நடத்துகையில் முன்கதை சொல்ல வேண்டியிருந்தது. 'உடல் வளைந்தவள், உள்ளமும் வளைந்தவள்' என்றேன். எதுகை மோனை பழகிய நாக்கு; சொன்னவுடன் வகுப்பு சிரித்தது. எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மூன்றாவது பெஞ்சிலே முதுகு சற்றுக் கூனிய ஒரு பெண் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள், அவள் நிமிரவில்லை. மாலையிலே வராந்தாவில் அவளை மற்றப் பிள்ளைகள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பதை எழுத வேண்டுமா? சென்னையிலே பேசிய அந்தச் சொற்பொழிவாளருக்கும் எனக்கும் அன்றைய தினம் என்ன வேற்றுமை இருந்தது? அவர் பாவத்தைச் சொன்னார். நான் உவமையைச் சொன்னேன்.

ஆரியக் கதை, ஆகவே அழுக்கு என்று சொல்லித் தப்பிவிடவும் முடியவில்லை. புறநானூற்றின் 28ஆம் பாட்டை எடுங்கள். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொல்கிறார்: குருடு, கூன், குறள், ஊமை, செவிடு என்று எட்டு வகை எச்சங்களை அடுக்கி, இவற்றால் பயனில்லை என்று அறிந்தோர் சொன்னதாகச் சொல்கிறார். கல்லூரியிலே படித்தபோது பார்வையற்ற நண்பர் ஒருவருக்குப் பாடங்களைப் படித்துக்காட்டுவது என் வழக்கம். இந்தப் பாட்டு வந்தது. எனக்குக் குரல் இறங்கிற்று. அவரோ, 'புலவர் பெயர் என்ன சொன்னாய்? முதுகண்ணனா? பேரிலேயே கண் வைத்திருப்பவர் வேறு எப்படிப் பாடுவார்!' என்று சிரித்தார். உரையாசிரியர் எவருக்கும் தோன்றாத உரை! தேர்விலே அதை எழுதினால் எத்தனை மதிப்பெண் வரும் என்று நான் கேட்டேன். 'சைபர். கேட்கிறவர்களுக்கும் கண் இருக்கிறதே' என்றார்.

அதே சங்கத் தொகையிலே கலித்தொகையும் இருக்கிறது. அதன் 94ஆம் பாட்டிலே அரண்மனையில் குற்றேவல் செய்யும் குறளன் ஒருவனும் கூனி ஒருத்தியும் பேசிக்கொள்கிறார்கள். அவன் காதல் சொல்கிறான். அவள் அவன் குட்டையைப் பழிக்கிறாள். அவன் அவள் கூனைப் பழிக்கிறான். ஏச்சு முற்றி, ஏச்சே கொஞ்சலாகி, இருவரும் ஒன்றுபடுகிறார்கள். நகைச்சுவைப் பாட்டு என்று வகுப்பிலே இரண்டு வரியிலே சொல்லி முடித்துவிடுவர். ஆனால் முடிவைப் பாருங்கள். அரண்மனையில் உள்ளோர் கண்டால் சிரிப்பார்கள். ஆகவே சிரிப்பவர் கண்ணுக்கு எட்டாத சோலைக்குப் போய்விடுவோம் என்று இருவரும் அகல்கிறார்கள். படிப்பவனும் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவன்தானே! அவனையும் வெளியே நிறுத்திவிட்டு அவர்கள் போகிறார்கள். மந்தரைக்குக் கிடைக்காத காதலும், கோபமும், ஏச்சும், கொஞ்சலும், சோலையும் இந்தக் கூனிக்குக் கிடைத்தன. புலவர் மருதன் இளநாகனார் இதை எண்ணியே எழுதினாரா, அரசவையைச் சிரிக்க வைக்க எழுதினாரா என்று வாதிடலாம். வாதிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். குறள் 618ஐயும் இப்படி வாதிடலாம். பொறியில்லாமை எவர்க்கும் பழியாகாது என்கிறார் வள்ளுவர். பொறி என்பதற்குப் பரிமேலழகர் ஊழ் என்று பொருள் கொண்டார். உறுப்பு என்று கொள்வோரும் உண்டு. ஊழா, உறுப்பா? அந்த ஒரு சொல்லின் பொருளிலே எத்தனை பேருடைய மானம் தொங்குகிறது!

புலவர்களிலேயே ஊனமுற்றோர் இலரா? இரட்டைப் புலவர் இருவர். ஒருவர் பார்வையற்றவர், ஒருவர் நடக்க இயலாதவர். நடப்பவர் தோள்மீது காண்பவர் அமர்ந்து ஊர் ஊராகச் சென்றனர். ஒருவர் தொடங்க மற்றவர் முடிக்கப் பாடினர். தில்லைக் கலம்பகம் அவர்கள் தந்தது. பதினேழாம் நூற்றாண்டிலே அந்தகக்கவி வீரராகவ முதலியார். முதுகிலே எழுத்தை எழுதிக்காட்டக் கற்றார் என்பது வழிவழிச் செய்தி. லூயி பிரெயில் புள்ளியெழுத்து வகுப்பதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே தோலால் படித்த ஒரு தமிழர்! இதை 'இறைவன் அருள்' என்று சொல்லி முடித்துவிடுவது பண்டிதர் வழக்கம். அருளென்று சொல்லிவிட்டால் ஆராய வேண்டியதில்லையே. சொல்லிக் கொடுத்தவர் யார், எழுதி வைத்தவர் யார், ஏட்டுக்கல்வி வாயாலும் காதாலும் நடந்த காலத்திலே கண்ணில்லாமை எவ்வளவு தடை, அச்சு வந்தபின் அது எவ்வளவு பெரிதாயிற்று? இவையல்லவா கேள்விகள்!

இனி நம் வீட்டுக்குள் வருகிறேன். 'இரத்தக்கண்ணீர்'. திருவாரூர் தங்கராசு எழுதி, எம். ஆர். ராதா ஊர் ஊராக ஆடி, 1954இல் கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்திலே படமாகி, இன்றும் வசனம் வசனமாக நாம் ஒப்பிக்கும் படைப்பு. கணவன் உயிரோடு இருக்கையிலேயே மனைவிக்கு மறுமணம் செய்து வைக்கும் துணிவு வேறெந்தப் படத்திலே இருந்தது? அதன் பெருமையிலே எனக்கு ஐயமில்லை. ஆனால் மோகனுக்கு என்ன நேருகிறது? தாயை உதைத்தான், மனைவியை உதறினான், காந்தாவிடம் கிடந்தான், ஆகவே தொழுநோய் வந்தது, கண் போயிற்று, தெருவிலே பிச்சை எடுத்தான். 'ஆகவே' என்கிறேனே, அந்தச் சொல்லைக் கவனியுங்கள்! தொழுநோய் ஒரு கிருமியால் வருவது என்று நார்வேயின் ஹான்சன் கண்டறிந்தது 1873இல். படம் வருவதற்கு எண்பத்தோராண்டு முன்பு! கிருமிக்குக் கற்பும் தெரியாது, களவும் தெரியாது. பாவத்தின் சம்பளம் நோய் என்று புராணிகன் சொன்னால் எள்ளி நகையாடும் நாம், ராதாவின் கரகரத்த குரலிலே அதையே கேட்டபோது கண்ணீர் விட்டோம். முற்பிறவியை நீக்கிவிட்டு இப்பிறவியிலேயே கணக்கைத் தீர்த்தோம். கணக்கு மட்டும் அதே கணக்கு! தொழுநோயாளரைப் பிடித்து அடைக்கும் 1898ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது 2016இல். தொழுநோயைக் காட்டி மணவிலக்குப் பெறும் வழி அடைபட்டது 2019இல். அத்தனை காலம் அந்தச் சட்டங்கள் நின்றதற்கு மக்கள் மனத்திலே இருந்த அருவருப்பும் ஒரு முட்டு. அந்த முட்டிலே நம் கையும் ஒன்று பட்டிருக்கிறது.

நம் மேடையிலேயே இதற்கு மாற்றும் இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நான் அநீதி செய்தவனாவேன். 1952இன் 'பராசக்தி'யிலே ஞானசேகரன். போரிலே கால் இழக்கிறான். பாவத்தால் அன்று, குண்டால். பிச்சைக்காரர் கூட்டத்தோடு சேர்கிறான், அவர்களைச் சங்கமாக்குகிறான். கலைஞரின் பேனாவிலே அந்தக் கால் கதைக்கு ஊன்றுகோலாக மட்டும் நிற்கவில்லை. ஒரு வர்க்கத்தைத் திரட்டுகிறது. எல்லாரும் குணசேகரனின் நீதிமன்றப் பேச்சை மனப்பாடம் செய்தோம். ஞானசேகரனை யாரும் ஆராயவில்லை.

சொற்களுக்கு வருவோம். 2015 டிசம்பரிலே தலைமை அமைச்சர் வானொலியிலே பேசி, ஊனமுற்றோரைத் 'திவ்யாங்' என்று அழைக்கலாம் என்றார். அடுத்த ஆண்டு மையத் துறையின் பெயரிலேயே அது ஏறிற்று. திவ்ய அங்கம்! தெய்வ உறுப்பாம்! தாழ்த்தப்பட்டவனை 'அரிசன்' என்றபோது நாம் கேட்ட கேள்வியைத்தான் இதற்கும் கேட்க வேண்டும். நேற்றுவரை பாவத்தின் பலன். இன்றுமுதல் தெய்வத்தின் அருள். என்றைக்கு அய்யா அது சாதாரணக் கால் ஆகும்? நம் 'மாற்றுத்திறனாளி' அப்படிப்பட்டதன்று. சக்கர நாற்காலியில் அமர்ந்தே நாடாண்ட கலைஞர், தம் ஐந்தாம் முறை ஆட்சியிலே, இழிசொற்களை ஒழிக்க வேண்டுமென்று தந்த சொல். தனித் துறையும் தந்தார். பேருந்து நிலையத்திலே 'நொண்டி' என்ற குரல் குறைந்ததற்கு அந்தச் சொல்லுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆயினும் இத்துறை அறிஞர் சிமி லிண்டன் 1998இல் எழுதிய நூலிலே இத்தகைய இனிப்புச் சொற்கள்மேல் எழுப்பும் ஐயம் என்னை விடவில்லை. திறன் என்னிடம் வேறாக இருக்கிறது என்றால், படிக்கட்டின் பிழை மறைந்துபோகிறதே! ஊனப்படுத்தப்பட்டவன் என்று சொன்னால்தானே 'யாரால்' என்ற கேள்வி பிறக்கும்? அதனாலேயே அவர்கள் பழைய சொல்லையே எடுத்து நெஞ்சிலே குத்திக்கொண்டார்கள். நமக்கு இது புதிதா? 1945இல் கருஞ்சட்டை ஏன் அணிந்தோம்? இழிவை மறைக்கவா, எல்லார் கண்ணிலும் படும்படி காட்டவா? இக்கட்டுரையிலே ஊனம் என்ற சொல்லை நான் ஆண்டிருப்பதும் அதனால்தான். உரியவர்கள் வேண்டாமென்றால் விட்டுவிடுவேன்.

இத்துறைமீது எனக்குக் குறையே இல்லையா? உண்டு. 'ஊனம் எங்கள் அடையாளம், எங்கள் பெருமை' என்று கலிபோர்னியாவிலே முழங்குவது புரிகிறது. ஆலையிலே விரல்களை இழந்தவனிடம், கந்தகத் தூளிலே கண்ணைக் கொடுத்தவளிடம், சாக்கடைக் குழியிலே நுரையீரலைக் கொடுத்தவனிடம் போய் இது உன் பெருமை என்று சொல்ல எனக்கு நா எழாது. அந்த ஊனம் இயற்கை தந்ததன்று. முதலாளி தந்தது, சாதி தந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலே பணியாற்றும் நிர்மலா எரிவெல்லஸ் 2011இல் எழுதிய நூலிலே இந்தக் குறையைத்தான் எடுத்துக்காட்டினார்: போரும் வறுமையும் உடல்களை முடமாக்கிக்கொண்டிருக்கும் நாடுகளை மறந்துவிட்டு அடையாளம் பேச முடியாது என்று. இயற்கையான கிருமியால் இளம்பிள்ளைவாதம் வந்த இந்தியாவின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 2011 சனவரியிலே. சொட்டு மருந்து வென்றது, பகுத்தறிவு வென்றது, அதிலே எனக்கு மகிழ்ச்சியே. நோயை ஒழிப்போம், நோயுற்றவனை ஒழிக்கமாட்டோம் என்ற இரண்டையும் ஒரே மூச்சிலே சொல்வது கடினந்தான். அனிதா காய் போன்ற இந்திய ஆய்வாளர்கள் அந்தக் கடினத்தைத் தோளிலே தாங்கி எழுதியிருக்கிறார்கள். நாமோ தொடங்கவே இல்லை.

நம் நாட்டிலே கல்லூரிகள் தருவது என்ன? சிறப்புக் கல்விக்குப் பட்டம் உண்டு; மறுவாழ்வுப் பயிற்சி உண்டு. வேண்டியவையே. ஆனால் அவற்றிலே ஊனமுற்றவர் பாடப்பொருள். அங்கே அவர் ஆராயப்படுகிறார். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களைக் கணக்கிட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொன்று என்றது. ஒரே இரவிலே இலட்சக்கணக்கானோர் ஊனமுற்றோர் ஆனார்களா? அல்லர், எண்ணுபவரின் அளவுகோல் மாறிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கு 2 கோடியே 68 லட்சம் பேர், நூற்றுக்கு 2.21 என்றது, உலக சுகாதார நிறுவனமோ உலகிலே ஆறில் ஒருவர் என்கிறது. இந்த இடைவெளியிலே மறைந்து கிடப்போர் யார் என்று கேட்பதற்கு ஓர் அரசியல் துறை வேண்டும், ஒரு வரலாற்றுத் துறை வேண்டும். புறம் 28ஐயும் கலி 94ஐயும் மந்தரையையும் அந்தகக்கவியையும் மோகனையும் ஞானசேகரனையும் ஒரே மேசைமேல் வைத்துப் படிக்க ஒரு தமிழ்த்துறை வேண்டும். உயர்கல்வி நிலையங்களில் நூற்றுக்கு ஐந்து இடம் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இடம் பெற்று உள்ளே வந்தவன் எந்தப் பாடத்திலே தன்னைக் காண்பான்?

'இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?' என்று கேட்பார்கள். மகளிரியல் வந்தபோதும் கேட்டார்கள். பெரியார் சிந்தனைகள் பாடமானபோதும் கேட்டார்கள்.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன், கல்லூரியிலே நான் படித்துக்காட்டிய அந்த நண்பருக்குத் தொலைபேசியிலே முழுவதும் படித்தேன். இரத்தக்கண்ணீர் பகுதியிலே 'ம்' என்றார். கலித்தொகைப் பகுதியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். முடித்தவுடன், 'தலைப்பு என்ன சொன்னாய்?' என்றார். சொன்னேன். 'கூனிக்காக நீ வாதாடப் போகிறாயா? அவளுக்கு வாய் இருக்கிறதே, நன்றாகப் பேசுவாளே! பேசித்தானே அவ்வளவும் நடந்தது' என்றார். தலைப்பை மாற்றலாமா என்று ஆசிரியருக்குக் கேட்டு எழுதினேன், பக்கம் முடிந்துவிட்டதாம்.